கடைசிக் கால்பகுதியில் ஆடியவர்கள்

"நீ உந்தப் பந்தை ஒரு நாளாவது கையிலை தூக்கினனியோ?"

தேர்வுக் குழுவில் என்னைச் சேர்த்திருப்பதாக வந்த மின்னஞ்சலைச் சமையலறையில் நின்று வாசித்துக் காட்டியபோது அப்பா கேட்ட கேள்வி இது. அம்மா கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"பிறகென்னெண்டு விளையாடின பெடியளுக்குத் தீர்ப்புச் சொல்லப்போறாய்?"

"அவள் படிச்சவள். உங்களை மாதிரியே?" என்றார் அம்மா.

"படிப்புக்கும் பந்துக்கும் என்னப்பா சம்பந்தம்? உவள் சின்னனிலை கிறிக்கெற் பந்து வந்தாலே கண்ணைப் பொத்துறவள்."

அது உண்மைதான். ஆனாலும் அன்று எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பை இடைநடுவில் விட்டவர்கள். ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் கணக்குப் படித்து, பல்கலைக்கழகம் போய், புள்ளிவிபரவியலில் பட்டம் எடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இப்போது இதை எழுதக் காரணம், அந்தத் தேர்வுக் குழு இல்லாமற்போய்விட்டது. கடைசிக் கூட்டத்தில் கேக் வெட்டினார்கள். அதன்மேல் 'இனிய ஓய்வுக்கால வாழ்த்துகள்' என்று கிறீமில் எழுதியிருந்தது. முப்பத்தைந்து வயதாகுமுன்பே ஓய்வுபெற்றவள் எங்கள் சொந்தத்தில் நான் ஒருத்திதான். ஆட்டங்களுக்குப் புள்ளி எழுத வரும் மாணவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள்: "மைதானத்தில் மோதவிடாமல், ஒரு அறைக்குள் இருந்தா இறுதியாட்டத்துக்கு ஆளெடுத்தீர்கள்? அது நியாயமா?" அவர்களுக்கு வாயால் சொன்ன பதில் போதவில்லை.

நம்மவர்களுக்கு ஒரு சொல் விளக்கம். இங்கே ஃபுட்போல் என்பது காலால் உதைபடும் உருண்டைப் பந்தல்ல. இரண்டு பக்கமும் கூரான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் உண்டு. ஆட்டத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரிப்பார்கள். எங்கள் லீக்கில் பத்துக் கல்லூரிகள். உடம்பு முறிகிற ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட முடியாது. நவம்பரில் நிலம் இறுகிவிடும், பின்னால் பரீட்சை நிற்கும். ஆகவே ஒரு கல்லூரிக்கு ஆறு ஆட்டங்கள்தான். எல்லோரும் எல்லோரோடும் மோதுவதில்லை. அரையிறுதி என்று ஒன்றும் இல்லை. ஐந்து பேர் கொண்ட குழு உட்கார்ந்து, இறுதியாட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தெரிவுசெய்யும்.

அந்தக் குழுவுக்கு வருமுன் நான் செய்தது புள்ளி எழுதும் வேலை. பட்டம் முடிந்து, ஒரு கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்தில் சேர்ந்து, மழையிலும் காற்றிலும் மைதானத்தைப் பார்க்க உயரத்தில் கட்டிய கூண்டில் இருந்து எவன் எத்தனை கெஜம் ஓடினான், எவன் பந்தைப் பிடித்தான் என்று எழுதினேன். ஆட்டம் புரிய ஒரு பருவம் பிடித்தது, பிடிக்க இரண்டு பருவம். பிறகு லீக்கின் எல்லாப் புள்ளிகளும் என் கணினிக்கு வரத் தொடங்கின. அந்த வழியாகத்தான் குழுவில் ஐந்தாவது கதிரை கிடைத்தது.

கூட்டம் நடப்பது ஸ்காபரோவில் ஒரு பனிச்சறுக்கு அரங்கின் மேல்மாடியில். கீழே சிறுவர்கள் ஹொக்கி ஆடுவார்கள். பலகையில் அடிபடும் சத்தம் எங்கள் காலடியில் கேட்டுக்கொண்டேயிருக்கும். தலைவி ஐலீன், பாடசாலை பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் அலுவலகத்தை நடத்துபவர். பிக்கரிங்கிலிருந்து ரயிலில் வருவார். கையில் எப்போதும் ஒரு பச்சை அப்பிளும் சின்னக் கத்தியும் இருக்கும். விவாதம் தொடங்கும்போது அப்பிளை ஐந்து துண்டாக வெட்டித் தட்டில் வைப்பார். வாக்கெடுப்பு முடியும்வரை யாரும் தொடக்கூடாது. வாக்கு முடியும்போது துண்டுகள் பழுப்பேறியிருந்தால், "இன்று அதிகம் கதைத்துவிட்டோம்" என்பார்.

'பலமான அணி' என்று யாராவது சொன்னால் ஐலீனுக்குப் பிடிக்காது. "என்ன செய்தார்கள்? எந்த ஆட்டத்தில்? காட்டுங்கள்" என்று கேட்பார். குரலை உயர்த்தமாட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பயந்தே நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் படித்துக்கொண்டு போவேன்.

அவர் கொண்டுவந்த நடைமுறைகள் இரண்டு. லீக் முழுவதும் அவற்றை மெச்சியது.

முதலாவது, ஆட்டப் படங்களை நிறமில்லாமல், ஒலியில்லாமல், பெயர் தெரியாமல் பார்ப்பது. படம் வெட்டும் தொழில்நுட்பர் சட்டைகளின் நிறத்தை எடுத்துவிடுவார், சின்னங்களையும் முதுகு இலக்கங்களையும் மங்கலாக்கிவிடுவார். பெரிய கல்லூரியின் சிவப்புச் சட்டையைக் கண்டவுடனேயே கை தூக்கும் ஆட்கள் முன்பு குழுவில் இருந்தார்களாம். புகழ்பெற்ற ஒரு இலக்கம் ஓடினால் அணியே பறக்கிறது என்று நினைப்பார்களாம். அதனால் எங்களுக்குத் தெரிவது சாம்பல் நிற உருவங்கள் மட்டும். அணி 'ஏ', அணி 'பி' என்று பெயர். பார்த்ததை எழுதி ஒப்படைத்த பிறகுதான் உண்மைப் பெயர்களும் வெற்றி தோல்விகளும் மேசைக்கு வரும்.

இரண்டாவது, தொலைபேசி. ஒரு அணியை வெளியே விட்டால், அதற்கு எதிராக அதிகம் வாதிட்டவர் யாரோ, அவரே அந்த அணியின் பயிற்றுநரை அழைத்துக் காரணத்தைச் சொல்ல வேண்டும். அறிவிப்புக்கு முன்பே சொல்ல வேண்டும். "முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாத காரணத்தை இந்த அறையில் சொல்லாதீர்கள்" என்பார் ஐலீன். தெரிவானவர்களுக்கு முன்கூட்டி அழைப்பில்லை. அவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து அறிவிப்பைக் கேட்டால் போதும். அழைப்பில் சொல்லப்பட்ட முடிவு மாறாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு பயிற்றுநரும் வழக்குப் பேசத் தொடங்கிவிடுவார் என்பது விதியின் காரணம்.

குழுவில் என் மூன்றாவது பருவத்தில் அந்தச் சிக்கல் வந்தது.

கல்லூரிகளின் பெயர் வேண்டாம், திசைகளால் சொல்கிறேன். வடக்குக் கல்லூரி தான் ஆடிய எல்லா ஆட்டங்களையும் வென்றிருந்தது. அதில் எவருக்கும் சந்தேகமில்லை. மிச்சம் ஒரு இடம். பிறம்ரன் பக்கத்து மேற்குக் கல்லூரி வடக்கிடம் மட்டும், அதுவும் மயிரிழையில், தோற்றிருந்தது. விட்பிக்கு அப்பாலுள்ள கிழக்குக் கல்லூரி ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஆனால் அது மோதியது சின்னக் கல்லூரிகளோடு. மேற்கும் கிழக்கும் அந்தப் பருவத்தில் சந்திக்கவேயில்லை.

படம் பார்த்தோம். அணி 'சி' முதல் மூன்று கால்பகுதிகளிலும் ஒழுங்காக ஆடியது. கடைசிக் கால்பகுதியில் சிதைந்தது. ஒரு ஆட்டத்தில் அல்ல, ஏறக்குறைய எல்லாவற்றிலும். பிடிக்க வேண்டிய பந்து நழுவியது, தடுக்க வேண்டியவன் தவறான பக்கம் ஓடினான். 'களைத்துப்போகிறார்கள். நெருக்கடியில் ஒழுங்கு குலைகிறது' என்று நான் எழுதினேன். மற்றவர்களும் ஏறத்தாழ அதையே எழுதியிருந்தார்கள். பெயர்கள் மேசைக்கு வந்தபோது அணி 'சி' கிழக்கு.

நான்தான் அதிகம் வாதிட்டேன். கால்பகுதிவாரியாகப் புள்ளிகளை வரைந்து திரையில் போட்டேன். கோடு கடைசியில் மளமளவென்று விழுந்தது. பள்ளிக்கூட அதிபராக இருந்த ஹறல்ட், "இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது" என்றார். ஐந்துக்கு ஐந்து, மேற்கு. அப்பிள் பழுப்பேறியிருக்கவில்லை.

கிழக்கின் பயிற்றுநரை அழைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

என் கார் கராஜில் நின்றதால் அன்று அப்பாதான் என்னைக் கூட்டிவந்திருந்தார். கார்ப் பார்க்கில், சுடச்சுட வாங்கிய ரோல்ஸ் பலகாரப் பையை மடியில் வைத்துக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். நான் காருக்குள் ஏறாமல் மதில் ஓரம் காற்றுக்கு முதுகு காட்டி நின்று அழைத்தேன்.

பயிற்றுநரின் பெயர் வின்ஸ்ரன். பகலில் குழாய் வேலை செய்பவர். யமேக்காவிலிருந்து சின்ன வயதில் வந்தவர் என்று பின்னால் அறிந்தேன். நான் முடிவைச் சொன்னேன். காரணத்தைச் சொன்னேன்: கடைசிக் கால்பகுதியில் உங்கள் அணி குலைந்துபோகிறது.

"கடைசிக் கால்பகுதியில் ஆடுவது என் முதல் அணியல்ல அம்மா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"என் அணியில் ஒரு விதி. வாரம் முழுக்கப் பயிற்சிக்கு வந்தவன் எவனும் ஆடாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. நாங்கள் போதிய அளவு முன்னால் நின்றால், கடைசிக் கால்பகுதி, ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்களுக்கு. சிலர் இந்த வருஷம்தான் முதன்முதலாகத் தலைக்கவசம் போட்டவர்கள். இலக்கங்களைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்."

நாங்கள் இலக்கங்களைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பதுதான் எங்கள் பெருமை.

அவர் வாதிடவில்லை. தங்களை எடுக்கச் சொல்லிக் கேட்கவுமில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "இந்தக் காரணத்தை வெளியில் சொல்லாதீர்கள். வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். சின்ன அணிகளோடு ஆடினோம் என்று சொல்லுங்கள். இதைச் சொன்னால், கடைசியில் இறங்கிய பையன்கள் தாங்கள்தான் எல்லாருக்கும் கெடுத்தோம் என்று நினைப்பார்கள். நான் அவர்களை இறக்கியது அதற்கல்ல."

தொலைபேசியை வைத்தபிறகு கார்க் கதவைத் திறந்தேன். அப்பா ஒரு ரோல்ஸை நீட்டினார்.

"முடிஞ்சுதே? எங்கடை பிறம்ரன் கல்லூரிதானே? எங்கடை வெயார்ஹவுஸிலை வேலை செய்யிற ரெண்டு பெடியள் அதிலை விளையாடுறாங்கள், தெரியுமே? நல்ல பெடியள். பெட்டி தூக்கேக்கையும் பாட்டுத்தான்."

"சொல்லக்கூடாது அப்பா. கொஞ்சம் பொறுங்கோ, மேலை போட்டு வாறன்."

"பிறகும் எங்கை போறாய்? ரோல்ஸ் ஆறப்போகுது!"

ஐலீன் கேத்திலைக் கழுவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழைப்புக்குப் பிறகு முடிவு மாறாது. விதி தெரியும்தானே?"

"அந்த விதி பயிற்றுநர்களின் வாதத்துக்காக வந்தது. அவர் வாதிடவில்லை. நாங்கள்தான் ஒரு அணியைப் பார்த்துவிட்டு இன்னொரு அணியைப் பற்றி எழுதியிருக்கிறோம்."

"காட்டுங்கள்" என்றார்.

காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. லீக்குக்கு வரும் புள்ளித் தாள்களில் யார் புள்ளி எடுத்தான் என்று மட்டும் இருக்கும், யார் மைதானத்தில் நின்றான் என்று இராது. மங்கலாக்காத மூலப் படம் தொழில்நுட்பரிடம் இருந்தது. ஐலீன் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கம்போல நான் பதில் தேடிப் படபடக்கவில்லை. இம்முறை நானும் காத்திருந்தேன். கீழே பலகையில் ஏதோ பலமாக அடிபட்டது. பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். மறுநாள் மதியம் அறிவிப்பு. காலையில் ஐந்து பேரும் மீண்டும் வர வேண்டும் என்று ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார்.

மறுநாள் நிறத்தோடு பார்த்தோம். கிழக்கின் சட்டை மாம்பழ மஞ்சள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்றாவது கால்பகுதி முடிகிறது. வாங்கிலிருந்து ஒரு கூட்டம் எழுந்து ஓடிவருகிறது, ஆடியவர்கள் அவர்களின் தலைக்கவசத்தில் தட்டிவிட்டு வெளியே போகிறார்கள். சாம்பல் படத்தில் இந்த இடத்தை வெட்டி எடுத்திருந்தார்கள், ஆட்டமில்லாத நேரம் என்று.

ஹறல்ட் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. "வாங்கில் இருப்பவனும் அணியில் ஒருவன்தான். வடக்கோடு ஆடும்போது முதல் ஆளுக்குக் காயம் பட்டால் இந்தப் பையன்தானே வருவான்? அதோடு, மேற்கு மோதிய அணிகளோடு இவர்கள் மோதவில்லை. நல்ல மனதுக்கு நாங்கள் பரிசு கொடுக்கவில்லை."

"நல்ல மனதைப் பற்றி நான் பேசவில்லை" என்றேன். "முதல் மூன்று கால்பகுதியை மட்டும் எடுங்கள்." கோட்டைத் திரும்ப வரைந்தேன். விழவேயில்லை.

மேசையைச் சுற்றி வாக்கு வந்தது. மூன்று பேர் கிழக்கு. இரண்டு பேர் மேற்கு. அந்த இரண்டில் ஒன்று ஐலீனுடையது.

நான் அவரைப் பார்த்தேன். கதவைத் திறந்துவிட்டவரே எதிர்த்து வாக்களித்திருக்கிறார்.

"பிழையாகப் பார்த்ததால் திரும்பப் பார்க்கச் சொன்னேன்" என்றார். "பார்த்த பிறகும் மேற்குத்தான் கூடிய வேலை செய்திருக்கிறது என்பது என் கணக்கு. நான் தோற்றுவிட்டேன், அவ்வளவுதான். அப்பிளை எடுங்கள். பிறகு பீற்றரை அழையுங்கள்."

பீற்றர் மேற்கின் பயிற்றுநர். ஒரு இரவு முழுக்கத் தன் அணி இறுதியாட்டத்தில் இருந்தது அவருக்குத் தெரியாது. அதை நான் சொல்லவுமில்லை. நீங்கள் ஒரு ஆட்டம் தோற்றீர்கள், அவர்கள் ஒன்றும் தோற்கவில்லை, முதல் அணிகளை ஒப்பிட்டால் அவர்கள் ஒரு படி மேலே என்று சொன்னேன். அவர் மிக மரியாதையான மனிதர். கேட்டு முடித்துவிட்டு, "அவர்களோடு எங்களை ஏன் ஒருதரம் ஆடவிடவில்லை?" என்றார். கோபமில்லாமல், பாதை விசாரிப்பவர்போலக் கேட்டார். 'அதற்கு எங்களிடம் ஏற்பாடு இல்லை' என்றேன்.

அறிவிப்பு வந்த பின்னேரம் அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நாளைக்கு அந்தப் பெடியளின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது? 'அங்கிள், உங்கடை மகள்தானே' எண்டு கேக்கிறாங்கள். என்னத்தைச் சொல்ல?"

"ஓமெண்டு சொல்லுங்கோ அப்பா. நான்தான்."

"அவங்கள் என்ன சொன்னவங்கள் தெரியுமே? தோத்திருந்தால் நித்திரை வந்திருக்குமாம். விளையாடாமல் தோத்ததாலைதான் நித்திரை வரேல்லையாம்."

அன்று நான் சாப்பிடவில்லை. செய்தது சரியென்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியான முடிவு ஒன்றுக்குள்ளேயே ஒரு அணி விளையாடாமல் தோற்றுப்போகிறது. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும், எதை மறைத்தாலும், எதைத் திறந்தாலும், அந்த அறையால் பீற்றரின் கேள்விக்குப் பதில் தர முடியாது.

கோபம் ஆறாமலேயே அப்பா இறுதியாட்டத்துக்கு வந்தார். வடக்குத்தான் வென்றது. கிழக்கு கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது பின்தங்கியிருந்தது, ஆனாலும் எட்டிப்பிடிக்கக்கூடிய தூரம். வின்ஸ்ரன் அந்தக் கால்பகுதியில் முதல் அணியை எடுத்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று பேராக வாங்கில் இருந்த எல்லோரையும் உள்ளே அனுப்பி எடுத்தார். மாம்பழ மஞ்சளில் ஒரு மெலிந்த பையன், முன்பு படத்தில் பந்தை நழுவவிட்டவனின் அதே இலக்கம், ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்து விழுந்தான். புள்ளி வரவில்லை, சில அடிகள்தான். வாங்கு முழுக்க எழுந்து நின்றது. ஹறல்ட் என் பக்கம் திரும்பி, "மேற்கு இன்னும் நெருங்கியிருக்கும்" என்றார். இருக்கலாம். யாருக்கும் தெரியாது. அதுதான் சிக்கலே.

அப்பாவுக்குப் பிரச்சினை நடுவரோடு. பந்தோடு ஆள் விழுந்த இடத்தில்தான் நடுவர் பந்தை வைத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவார். "உந்தக் கோடு போட்ட சட்டைக்காரன் பந்தைப் பிழையான இடத்திலை வைக்கிறான்! அவன் விழுந்தது அங்கை, உவன் வைக்கிறது இஞ்சை! இஞ்சை பார் பிள்ளை!" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கத் தமிழில் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஆமோதித்துத் தலையாட்டினார். மொழி தேவைப்படவில்லை.

அடுத்த வசந்தகாலக் கூட்டத்தில் ஒரு முன்மொழிவு வைத்தேன். பருவத்தில் ஒரு ஆட்டத்தைக் குறைத்தால் வெற்றிப் பட்டியலின் முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதி வைக்க ஒரு வாரம் கிடைக்கும். பஸ் செலவு, மைதான வாடகை, வைத்தியர்கள், பரீட்சைத் திகதி என்று எல்லாவற்றையும் ஐலீன் என்னோடு உட்கார்ந்து அட்டவணை போட்டுத் தந்தார். அது அவருடைய தொழில். "இது வந்தால் இந்தக் குழு தேவையில்லை. தெரியும்தானே?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவரே வழிமொழிந்தார். உடனே நடக்கவில்லை. இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். மூன்றாம் முறை நிறைவேறியது.

நான்காவது அணி எது, ஐந்தாவது எது என்ற சண்டை இனியும் வருமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வரும்தான். ஆனால் அந்தச் சண்டையில் தோற்காத அணி ஒன்று வெளியே நிற்பது அரிது. முதல் அரையிறுதியில் மேற்கும் கிழக்கும்தான் மோதின. அப்பாவின் வெயார்ஹவுஸ் பெடியள் அதற்குள் படித்து முடித்துவிட்டார்கள், ஆனாலும் பார்க்க வந்திருந்தார்கள். யார் வென்றது என்பதை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. மைதானத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேக் வெட்டிய அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "இனி என்ன செய்யப்போறாய்? பென்சனும் இல்லை."

நான் முன்பே செய்துவிட்டிருந்தேன். குளிர்காலம் முழுக்க நடுவர் பயிற்சி வகுப்புக்குப் போனேன். பரீட்சையும் எழுதினேன், முதல் முறையிலேயே சித்தியடைந்தேன். போன சனிக்கிழமை பிக்கரிங்கில் சிறுவர் ஆட்டமொன்றுக்குக் கோடு போட்ட சட்டையோடு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு சின்னவன் பந்தோடு வழுக்கி விழுந்தான். எழும்பினதும் சேற்றோடு பந்தை என் கையில் தந்தான். அவனுடைய முழங்கால் தரையில் பட்ட இடத்தைக் கண்ணால் பிடித்துவைத்திருந்தேன். நடந்துபோய், குனிந்து, பந்தை அங்கே வைத்தேன்.

குடைகளுக்கிடையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"பிழை பிள்ளை! இன்னும் ரெண்டடி முன்னுக்கு!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தையும் நகர்த்தவில்லை. விசிலை ஊதினேன்.